அத்தியாயம் 7: கடைசி வரிசைக்கும் ஒரு மைக்

திங்கள் செமினார், புதன் ஜர்னல் கிளப், வெள்ளி கேஸ் பிரசென்டேஷன். மாதம் ஒருமுறை இறப்பு ஆய்வுக் கூட்டம், அவ்வப்போது கல்லூரி முழுவதும் கூடும் சி.பி.சி., ஆண்டுக்கு ஒன்றிரண்டு சி.எம்.இ., வெளியூர் மாநாடு ஒன்று. மருத்துவக் கல்லூரியில் பட்டமேற்படிப்புக்குச் சேரும் ஒருவர் மூன்றாண்டில் இப்படிப்பட்ட கூட்டங்களில் நூற்றுக்கணக்கான மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஊசி போடவும் தையல் போடவும் சொல்லிக்கொடுக்கச் சீனியர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது, ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே ஒட்டிக்கொள்கிறது.

இந்த அத்தியாயம் இரண்டு பேருக்காக. முதலாமாண்டு பி.ஜி.யாகச் சேர்ந்து, அறிவிப்புப் பலகையில் அடுத்த வாரச் செமினாருக்குத் தன் பெயரைப் பார்த்துத் திகைத்து நிற்பவர் ஒருவர். புதிதாக உதவிப் பேராசிரியராகி, "இந்த வருஷம் சி.எம்.இ. பொறுப்பு உங்களுதுதான்மா" என்று துறைத்தலைவர் சொல்லக் கேட்டு வந்தவர் இன்னொருவர். இருவருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றே. கூட்டம் நன்றாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள நான் கைதட்டலைக் கவனிப்பதில்லை. அரங்கில் இருந்தவர்களில் பணியில் மிக இளையவர் வாயைத் திறந்தாரா என்று பார்ப்பேன். ஒரு ஹவுஸ் சர்ஜனோ, செவிலியர் மாணவியோ, லேப் டெக்னீஷியனோ எழுந்து ஒரு சந்தேகம் கேட்டிருந்தால், அந்தக் கூட்டத்துக்குச் செலவிட்ட நேரம் வீண் போகவில்லை. இனி வரும் யோசனைகள் எல்லாம் அந்த ஒரு கேள்வி எழுவதற்கு வழி செய்பவையே.

ஜர்னல் கிளப்: எதைப் படிப்பது, எதை விடுவது

1875இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்லர் ஜர்னல் கிளப் தொடங்கியதற்குக் காரணம் எளிமையானது. மருத்துவ இதழ்களின் விலை அதிகம். ஒருவரே எல்லாவற்றையும் வாங்க முடியாது. பலர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்து படித்தார்கள். இன்று கட்டுரைகள் கைபேசியிலேயே கொட்டுகின்றன. தட்டுப்பாடு போய் வெள்ளம் வந்துவிட்டது. ஆகவே ஜர்னல் கிளப்பின் வேலை இப்போது சலிப்பது.

கட்டுரையைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை போதும்: இதில் சொல்லியிருப்பது உண்மையானால், நாளைக்கு ஓ.பி.யில் நான் எழுதும் சீட்டில் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் வேறொன்றைத் தேடுங்கள். பெரிய இதழில் வந்தது என்பதற்காக, நம் ஊரில் யாரும் பார்க்காத நோய்க்கு, நம் மருந்தகத்தில் கிடைக்காத மருந்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவதால் யாருக்கும் பயனில்லை. கட்டுரையை மூன்று நாள் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். காலையில் அனுப்பிவிட்டு மதியம் விவாதம் என்றால், படித்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமே. பிறகு யார் கேள்வி கேட்பது?

முன்னுரையை வாசித்துக் காட்ட வேண்டாம். நான்கு கேள்விகளோடு தொடங்குங்கள். யாரிடம் செய்தார்கள், என்ன செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எது நடந்ததா என்று பார்த்தார்கள்? 1995 வாக்கில் 'பிக்கோ' என்ற பெயரில் பரவலான முறை இது. முப்பது ஆண்டுகளாகியும் இதைவிட எளிய திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் கேள்வியில் கூடுதல் நேரம் நில்லுங்கள். ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் சராசரி வயது என்ன, எடை என்ன, சிறுநீரகம் கெட்டவர்களை முன்கூட்டியே விலக்கிவிட்டார்களா? நம் வார்டில் படுத்திருப்பவர் அந்த ஆய்வின் வாசலுக்குள்ளேயே நுழைந்திருக்க மாட்டார் என்பது பல சமயம் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது எண்கள். ஒரு புது மருந்து மாரடைப்பை 25 சதவீதம் குறைத்தது என்று கட்டுரைச் சுருக்கம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அட்டவணையைத் திறந்து பார்க்கிறீர்கள். பழைய மருந்து எடுத்த 100 பேரில் 4 பேருக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. புது மருந்து எடுத்த 100 பேரில் 3 பேருக்கு. நாலு மூன்றானால் கால் பங்கு குறைந்தது என்பது சரிதான். ஆனால் ஒரே ஒருவரைக் காப்பாற்ற 100 பேர் அந்த மருந்தை விழுங்க வேண்டும் என்பதும் அதே அளவுக்குச் சரி. இரண்டையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அதன் கீழே மாதச் செலவையும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துப் பட்டியலில் அது இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். அரங்கம் தானாகப் பேச ஆரம்பிக்கும். பதினைந்து நிமிடம் நீங்கள் பேசினால் இருபத்தைந்து நிமிடம் அவர்கள் பேசட்டும்.

நோயாளி சொன்ன சொல்

கேஸ் பிரசென்டேஷனில் நான் மிகவும் வருத்தப்படும் இடம் அதன் முதல் வரிதான். நோயாளி தமிழில் சொன்னதை நாம் வார்டிலேயே ஆங்கிலமாக்கி எழுதிவிடுகிறோம். அரங்குக்கு வரும்போது அசல் சொல் தொலைந்துபோயிருக்கிறது.

'மயக்கம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண் இருட்டிக் கீழே விழுந்தவர் மயக்கம் என்கிறார். படுக்கையில் திரும்பும்போது அறையே சுற்றுகிறது என்பவரும் மயக்கம் என்கிறார். காலையில் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு கைநடுக்கமும் வியர்வையுமாக உட்கார்ந்தவரும் அதையேதான் சொல்கிறார். முதலாமவருக்கு இதயத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாமவருக்குக் காதை, மூன்றாமவருக்குச் சர்க்கரை அளவை. "சுத்துதா, இருட்டிக்கிட்டு வருதா, விழுந்துட்டீங்களா?" என்று அங்கேயே பிரித்துக் கேட்காமல், கேஸ் ஷீட்டில் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டால், அதன்பிறகு எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் கதை தப்பான தெருவில்தான் போகும்.

நரம்பு வார்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எரிச்சல், குத்தல், குடைச்சல், கடுப்பு, மதமதப்பு, மரத்துப்போதல் என்று நம் மக்கள் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார்கள். "நடக்கும்போது செருப்பு கழண்டு போயிடுது" என்று ஒரு பெரியவர் சொன்னால் அடுத்த கேள்வி முக்கியம். கழன்றது அவருக்குத் தெரிகிறதா? தெரிந்தும் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் கால் தசையில் பலம் குறைகிறது. கழன்றதே தெரியாமல் நாலடி நடந்துவிட்டு, வெறுங்காலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்றால் உணர்ச்சி போயிருக்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடிக் குனியும்போது தள்ளாடுகிறாரா, சோற்றைப் பிசைந்து உருட்ட முடிகிறதா, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா? அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்த இந்தக் கேள்விகள் நரம்புமண்டலத்தின் எந்தப் பகுதியில் பழுது என்பதைக் கருவிகளுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும்.

ஆகவே என் யோசனை: முதல் ஸ்லைடில் நோயாளியின் வாக்கியத்தைத் தமிழிலேயே, அவர் சொன்ன வட்டார வழக்கிலேயே போடுங்கள். பிறகு அதற்கு நீங்கள் கொடுத்த மருத்துவப் பெயரை எழுதுங்கள். இடையில் பிழை நேர்ந்திருந்தால் அரங்கில் யாராவது கண்டுபிடிப்பார்கள்; பெரும்பாலும் அந்த வட்டாரத்திலிருந்து வந்த ஹவுஸ் சர்ஜனோ செவிலியரோ கண்டுபிடிப்பார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் பின்னாளில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு என்று தமிழில் பாடநூல்களை வெளியிட்டார். அத்தனை தூரம் நாம் போகாவிட்டாலும், நோயாளியின் ஒரு வாக்கியத்துக்காவது அரங்கில் இடம் தரலாம்.

அதே நோயாளியின் படத்தைக் காட்டுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். சேர்க்கையின்போது வாங்கிய பொதுக் கையெழுத்து இதற்குப் போதாது. படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, இப்படிக் கேளுங்கள்: "அம்மா, உங்க கால்ல இருக்கிற இந்தப் புண்ணை மத்த டாக்டர்கள்கிட்டயும் காட்டிக் கலந்து பேசணும்னு நினைக்கிறோம். போட்டோவுல உங்க முகம் வராது, பேரும் வராது. உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்கம்மா. வைத்தியத்துல ஒரு குறையும் வராது." யோசிக்க நேரம் கொடுங்கள். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் காத்திருங்கள்.

கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு அது போதாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எக்ஸ்ரே, சி.டி. படத்தின் மூலையில் பெயரும் நோயாளி எண்ணும் இருக்கும், அதை வெட்டியெடுங்கள். மேலே கறுப்புப் பெட்டி வைத்து மறைத்தால், ஸ்லைடு கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றும்போது யாரும் அந்தப் பெட்டியை நகர்த்திப் பார்க்கலாம்.

பெரியவர் தவறும் அரங்கு

சி.பி.சி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் கூட்டத்தின் வேர் ஹார்வர்டில் இருக்கிறது. 1900இல் அங்கே மாணவராக இருந்த வால்டர் கேனன், சட்ட மாணவர்கள் வழக்குகளை வைத்துப் படிப்பதைப்போல மருத்துவ மாணவர்களும் உண்மையான நோயாளிகளின் குறிப்புகளை வைத்துப் படிக்கலாமே என்று எழுதினார். ரிச்சர்ட் கேபட் அதை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பொது அரங்குக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து 1920கள் முதல் வெளிவரும் நோயாளி விவாதங்களை உலகம் முழுவதும் மருத்துவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். நோய்க்குறிப்பை மட்டும் ஒரு மூத்த மருத்துவரிடம் சில நாள் முன்பு கொடுத்துவிடுவார்கள். அவர் எல்லோர் முன்னிலையிலும் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவார். பிறகு நோயியல் துறையினர் திசு ஆய்வையோ பிரேதப் பரிசோதனையையோ காட்டுவார்கள். நடத்துபவருக்கு நான் சொல்ல விரும்புவது, விவாதிப்பவருக்கு முன்கூட்டியே விடையைக் கசியவிடாதீர்கள் என்பது. மரியாதைக்காகச் சிலர் அப்படிச் செய்கிறார்கள். பேராசிரியர் தவறிவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. ஆனால் இந்தக் கூட்டத்தின் உயிரே, முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் சரியான வழியில் யோசித்தும் தவற முடியும் என்பதை இருநூறு மாணவர்கள் கண்ணால் காண்பதில் இருக்கிறது. நான் மாணவனாக இருந்தபோது என் ஆசிரியர் ஒருவர் காசநோய் என்று முடித்தார், விடை லிம்போமா. அவர் மைக்கைத் திரும்ப வாங்கி, எந்த இடத்தில் தான் திரும்பியிருக்க வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டதை நான் வேறெங்கும் கற்கவில்லை.

கேள்வி நேரத்தைக் காப்பது

நேரம் போதாமல் போகும்போது முதலில் வெட்டப்படுவது கேள்வி நேரம். தலைமை வகிப்பவர் கடிகாரத்தைப் பார்த்து, "டீ ரெடியா இருக்கு, கேள்விகளை வெளியில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்" என்பார். தனியாகப் போய்க் கேட்கும் துணிவு பேராசிரியர்களுக்கு இருக்கும். இரண்டு மாதம் முன் சேர்ந்தவருக்கு இருக்காது.

தலைமை வகிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், பேச்சாளரிடம் முன்பே பேசி வையுங்கள்: இரண்டு நிமிடம் இருக்கும்போது எழுந்து நிற்பேன், முடிந்ததும் பக்கத்தில் வந்து நிற்பேன். சொன்னபடி எழுந்து நில்லுங்கள். எவ்வளவு பெரியவரானாலும் இது பொருந்தும். அவர் தாண்டும் ஒவ்வொரு நிமிடமும் இன்னொருவரின் கேள்வியிலிருந்து எடுத்தது.

முதல் கேள்வியை யாருக்குக் கொடுப்பது என்பதில் அதிகக் கவனம் வேண்டும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 10 நாடுகளின் 35 கல்வி நிறுவனங்களில் நடந்த சுமார் 250 துறைக் கருத்தரங்குகளைக் கவனித்துக் கணக்கெடுத்தார்கள். கூட்டத்தில் இருந்த பெண்கள் கேள்வி கேட்கும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டரை மடங்கு குறைவாக இருந்தது. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட கூட்டங்களில் இந்த இடைவெளி பெரிதாக இருந்தது. நம் கல்லூரி அரங்குகளில் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருப்பதும், மைக் மட்டும் முன்வரிசை ஆண்களிடமே சுற்றுவதும் எனக்குப் பல ஆண்டுகளாக உறுத்துகிறது. ஆகவே கையை உயர்த்தியவர்களில் பின்வரிசையில் இருப்பவருக்கு, இளையவருக்கு, பெண்ணுக்கு முதல் வாய்ப்பு கொடுங்கள். யாருமே கை தூக்கவில்லை என்றால், பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். இரண்டாவது முறை கைகள் எழும். முன்வரிசையின் மூத்தவர்கள் நிச்சயம் பேசுவார்கள். அவர்கள் கடைசியில் பேசுவதால் எதுவும் குறைந்துவிடாது. அரங்கில் ஒரே ஒரு கம்பியில்லா மைக்தான் இருக்கிறது என்றால் அது கடைசி வரிசையிலிருந்து பயணத்தைத் தொடங்கட்டும்.

கேட்பவருக்கு ஒரு சொல். கேள்வியை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் சொல்ல முடிகிற நீளம் போதும். "இது அடிப்படைக் கேள்விதான், மன்னிக்கணும்" என்று தொடங்க வேண்டாம். அடிப்படைக் கேள்விகள்தான் பல சமயம் யாரும் விடை சொல்ல முடியாதவை.

பதில் சொல்பவருக்கும் ஒன்று. தெரியாவிட்டால், "தெரியவில்லை சார், பார்த்துவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை மறக்காமல் போய்ச் சொல்லுங்கள். நான் தேர்வாளனாகப் போன இடங்களிலும் இப்படிச் சொன்ன பி.ஜி.க்களை நம்பியிருக்கிறேன், சுற்றிவளைத்துப் பேசியவர்களிடம் அந்த நம்பிக்கை வந்ததில்லை.

வெளியூர் மேடை

கண்டதைச் சொல்லாமல் வைத்திருப்பது மருத்துவத்தில் உயிர்ச்சேதமாக முடியும். வியன்னாவில் 1847இல் கைகழுவும் முறையைக் கட்டாயமாக்கிப் பிரசவ வார்டின் மரணங்களைக் குறைத்த செம்மல்வைஸ், தானே மருத்துவர் சங்கத்தின் முன் எழுந்து பேசியது 1850இல்தான். அவர் நூல் வெளிவந்தது 1861இல். அந்த இடைவெளியில் பிற ஊர்களின் பிரசவ வார்டுகளில் காய்ச்சல் கண்டு இறந்த தாய்மார்களை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

மறுக்கப்படுவதற்கும் தயாராக இருங்கள். 1983இல் ஆஸ்திரேலிய இரைப்பை குடல் மருத்துவர்களின் மாநாட்டுக்கு வந்த 67 ஆய்வுச் சுருக்கங்களில் 56 ஏற்கப்பட்டன. வயிற்றில் ஒரு பாக்டீரியா வாழ்கிறது என்று பாரி மார்ஷல் எழுதி அனுப்பியது அந்த 56இல் இல்லை. அவர் அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நுண்ணுயிரியலாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் போய்ப் பேசினார். 2005இல் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார். உங்கள் சுருக்கம் திரும்பி வந்தால் ஒரு நாள் வருத்தப்படுங்கள். பிறகு அதைக் கேட்கக்கூடிய சரியான கூட்டம் வேறெங்கே என்று தேடுங்கள்.

சுருக்கத்தில் முடிவு எண்ணாக இருக்க வேண்டும். "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று முடிக்கும் சுருக்கத்தை நான் நடுவராக இருந்தால் ஏற்பதில்லை. போஸ்டரைப் பற்றிச் சுருக்கமாக: ஆய்வேட்டை அப்படியே சுவரில் ஒட்டுவது போஸ்டர் ஆகாது. 2019இல் மைக் மாரிசன் என்ற ஆய்வு மாணவர் முன்வைத்த வடிவத்தைப் பாருங்கள். நடுவில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு முடிவு, ஓரங்களில் விவரம். பத்தடி தூரத்தில் நடந்துபோகிறவர் படித்துவிட்டு உங்களிடம் வந்து நிற்பார். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். வேறுபாடு தெரியாத கண்கள் அங்கே இருக்கும். போஸ்டரை ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடாமல் அதன் பக்கத்தில் நில்லுங்கள். நடந்துவருபவர் கேட்கும் கேள்விக்காகத்தான் அது அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது.

சி.எம்.இ. நடத்துகிறவருக்கு

2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள், மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில் பங்கேற்க வேண்டும் என்று சொல்கின்றன. அந்த மணிக்கணக்குக்கான அங்கீகாரத்தை மாநிலக் கவுன்சிலிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு நினைவுக்கு வந்தால் தாமதம்.

பணத்தைப் பற்றித் தெளிவாக இருங்கள். மருந்துக் கம்பெனிகளிடம் பரிசுப்பொருள், பயணச்செலவு, தங்கும் விடுதி எதையும் மருத்துவர் பெறக் கூடாது என்று 2009 டிசம்பரில் கவுன்சில் விதி வந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த மருந்து விற்பனை நெறிமுறை, கம்பெனிகளின் பக்கமிருந்தும் அதே கதவை மூடியது. கூட்டத்தில் பேச்சாளராக வருபவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. வெளிநாட்டில் சி.எம்.இ. நடத்துவதையும் அது தடுக்கிறது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளின் உதவியோடு சி.எம்.இ. நடத்தலாம், ஆனால் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். என் சொந்த வழக்கம் இன்னும் கொஞ்சம் கறாரானது. மருந்தின் பெயர் பொறித்த பேனாவோ பையோ அரங்குக்குள் வராது. பேச்சாளர் தன் முதல் ஸ்லைடில், எந்தக் கம்பெனியிடமிருந்தாவது பணம் பெற்றிருந்தால் சொல்லிவிட வேண்டும். தலைப்பைத் துறைதான் முடிவு செய்யும். இப்படிச் செய்தால் உணவு எளிமையாக இருக்கும். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் போட்டு நாங்கள் நடத்திய கூட்டங்களுக்கு ஆள் குறைந்ததில்லை.

தொடக்க விழா நம் ஊருக்கே உரிய சிக்கல். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப்பரிசு, புகைப்படம். ஒன்பது மணிக்கு அழைத்த கூட்டத்தில் முதல் அறிவியல் உரை பதினொன்றரைக்குத் தொடங்கியதை நான் கண்டிருக்கிறேன். பெரியவர்களைக் கௌரவிப்பது நம் பண்பு. அதைக் கைவிடச் சொல்லவில்லை. இடத்தை மட்டும் மாற்றுங்கள். காலை எட்டரைக்கே நேராக அறிவியல் அமர்வைத் தொடங்கிவிட்டு, சிறப்பு விருந்தினர் வரும் நேரத்தில் இருபது நிமிடம் விழாவுக்கு ஒதுக்குங்கள். வாழ்த்துரை ஒன்றே ஒன்று. விழாவுக்குத் தாமதமாக வரும் விருந்தினருக்காக அறிவியல் அமர்வு நிற்காது என்பதை அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிடலாம். ஒருவரும் இதுவரை என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

அரங்கை முந்தின நாள் மாலையே போய்ப் பாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையைப் படியுங்கள். சக்கர நாற்காலி ஏறுமா, பெண்களுக்கான கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கைக்குழந்தையோடு வரும் மருத்துவருக்குப் பாலூட்ட ஓர் அறை இருக்கிறதா? இணையவழிக் கூட்டமானால் பேச்சைப் பாதியாகக் குறையுங்கள். திரைக்கு முன் யாராலும் ஒரு மணி நேரம் உட்கார முடியாது.

இறப்பு ஆய்வு

இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். துறை நடத்தும் கூட்டங்களில் இதுவே கடினமானது, இதுவே மிகத் தேவையானது.

பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் ஒவ்வொரு நோயாளியையும் நெடுநாள் பின்தொடர்ந்து, சிகிச்சையின் முடிவு என்ன ஆனது, தவறியிருந்தால் ஏன் என்று பதிவுசெய்து வெளியிட வேண்டும் என்றார். 1915 ஜனவரியில் மருத்துவர் கூட்டமொன்றில், தலையை மணலில் புதைத்த நெருப்புக்கோழியின் பெரிய சித்திரத்தைத் திறந்து காட்டினார். நகரமே கொந்தளித்தது, அவர் தன் பதவியை இழந்தார். 1935இல் பிலடெல்பியாவில் மயக்க மருந்தின்போது நேர்ந்த மரணங்களை ஆராய மருத்துவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். 1952 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் பிரசவ மரணம் ஒவ்வொன்றையும் பெயர் வெளியிடாமல் விசாரிக்கும் முறை நடக்கிறது. தமிழ்நாடு 1990களிலேயே தாய்மார் மரணங்களைத் தனித்தனியாக ஆராயத் தொடங்கியது. 2010இன் தேசிய வழிகாட்டியின்படி, மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வில் இறந்தவரின் குடும்பத்தாரும் வந்து பேசுகிறார்கள். ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே திருப்பி அனுப்பினார்கள் என்பது கேஸ் ஷீட்டைவிடக் கணவருக்கும் மாமியாருக்கும் துல்லியமாகத் தெரியும்.

உங்கள் துறையில் இதை நடத்தும்போது, "யார் செய்தது?" என்ற கேள்வி எழுந்தவுடன் தலைமை வகிப்பவர் அதை "எந்த இடத்தில் நடந்தது?" என்று மாற்றிவிட வேண்டும். டியூட்டியில் இருந்த பி.ஜி.யின் பெயர் ஸ்லைடில் வரக்கூடாது. அவர் அரங்கில் இருந்தால், கூட்டத்துக்கு முந்தின நாளே மூத்தவர் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். செவிலியர்கள், லேப், ரத்த வங்கி, மயக்கவியல் துறை ஆகியோரையும் அழையுங்கள். மருத்துவர்கள் மட்டும் கூடி ஆராய்ந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

எங்கள் துறையில் ஒரு மாதம், சிறுநீரகம் பழுதான ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் மரணத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். இரவு பதினொரு மணிக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பொட்டாசியம் 7.1 என்ற அறிக்கை ஒரு மணிக்கே தயார். ஐந்து மணிக்கு இதயம் நின்றிருக்கிறது. முக்கால் மணி நேரம் நாங்கள் கால்சியம் எப்போது கொடுப்பது, டயாலிசிஸ் எப்போது என்று விவாதித்தோம். ஸ்லைடுகள் நன்றாக இருந்தன. முடிக்கும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து அந்த வார்டின் சிஸ்டர் தயங்கி எழுந்தார்.

"சார், நைட்ல லேப் ரிப்போர்ட்டை வார்டுக்கு யாரு கொண்டுவரணும்?"

யாரிடமும் பதில் இல்லை. பத்து மணிக்கு மேல் அந்த வேலைக்கு ஆளே கிடையாது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. லேப் மேசையில் காகிதம் கிடந்திருக்கிறது, வார்டில் காத்திருந்திருக்கிறார்கள், லேப்பில் இருந்தவரிடம் வார்டின் தொலைபேசி எண் இல்லை.

அன்று மாலையே ஒரு பட்டியல் போட்டோம். பொட்டாசியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தட்டணுக்கள் ஆகியவை இந்த அளவைத் தாண்டினால் அல்லது இதற்குக் கீழே போனால், லேப்பிலிருந்து உடனே வார்டுக்குத் தொலைபேசி வர வேண்டும். எடுப்பவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும்; நேரத்தோடு நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நூறு பக்க கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, நூலில் கோத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கட்டினோம். ஒவ்வொரு மாதக் கூட்டமும் இப்போது அந்த நோட்டிலிருந்து தொடங்குகிறது. எத்தனை அழைப்பு வந்தது, அழைப்புக்கும் சிகிச்சைக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று அந்த சிஸ்டர்தான் எழுந்து வாசிக்கிறார். இப்போது ஏழாவது நோட்டு நடக்கிறது.